வேதியியல் நோட்டின் பின்பக்கம்

முன்பக்கமாகத் திறந்தால் உப்புப் பகுப்பாய்வு.
தலைகீழாகத் திருப்பித் திறந்தால் எங்கள் கல்லூரி.
இரண்டும் நடுவில் எங்கேயோ முட்டிக்கொள்ளும் என்று தெரியும்.
செமஸ்டருக்குள் முட்டாது என்று நம்பினேன்.

கடைசி பெஞ்சில் புறப்பட்டு நோட்டு
மடி மடியாக முன்னேறும்.
எந்த வரியில் யார் இருக்கிறாள் என்று
திரும்பாமலே சொல்வேன்:
ஜெனிட்டா மூக்கால் சிரிப்பாள், ருக்சானா தோளால்,
என்.சி.சி. நிரஞ்சனா அனுமதி கேட்டுவிட்டு.

சோதனை எண் ஒன்று. நோக்கம்:
ஜெராக்ஸ் கடைக்காரர் அழகராக மாறும் வேகத்தைக் கண்டறிதல்.
முதலாம் ஆண்டில்: அண்ணா.
இரண்டாம் ஆண்டில்: பரவாயில்லை.
மூன்றாம் ஆண்டில் அவருக்கு நிச்சயம் ஆன செய்தி வந்த மதியம்
பொருளியல் துறை மொத்தமும்
புளியோதரையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோனது.
முடிவு: வெண்ணிற வீழ்படிவு.

சோதனை எண் நான்கு
(இரண்டும் மூன்றும் ருக்சானாவின் அம்மாவிடம் இருக்கின்றன):
வாசலில் துப்பட்டாவுக்கு இரண்டு பின்.
29சி ஏறியதும் அது கழுத்துக்கு வரும்,
புரசைவாக்கத்தில் பைக்குள் மறையும்,
பெரம்பூரில் வீட்டுத் தெருமுனையில்
பின்னோடு மறுபடி முளைத்திருக்கும்.
பதங்கமாதல் என்பது இதுதான்.
தேர்விலும் இப்படியே எழுதினேன். அரை மதிப்பெண் கிடைத்தது.

சோதனை எண் ஏழு, தெய்வானை.
காலை ஆறுக்குச் சொகுசாக எழுந்து
ஒன்பது ஐம்பதுக்கு வகுப்பில் உட்கார்ந்து
ஒன்பது ஐம்பத்தைந்துக்குத் தூங்குகிறவள்.
கண் திறந்திருக்கும், பேனா கையில் நிற்கும்,
வருகைப் பதிவுக்கு "யெஸ் மேம்" பிசகாமல் வரும்.
மெல்லிய குறட்டை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.
கும்பகர்ணனின் இன்னொரு தங்கை, மூக்கு தப்பியவள்.

அந்த வரிக்கு பெஞ்சைத் தட்டினார்கள்.
தட்டிய சத்தத்தில் அவள் விழித்தாள்.
நோட்டு அப்போது அவள் பெஞ்சில் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
பார்ப்பதற்கு எதுவுமில்லை.
ஒரு தண்ணீர் லாரி, அது போன வழியெல்லாம் தண்ணீர்.

விரல் வைத்துப் படித்தாள். எழுந்து வந்தாள்.
"ஆறு மணின்னு போட்டிருக்க. தப்பு. ரெண்டே முக்கால்.
மூணு மணிக்குக் கோயம்பேட்டுல பூ லாரி வந்துடும்.
சாமந்தி மூட்டை எறக்கி,
எங்கம்மா தப்பாச் சொல்ற கணக்கைத் திருத்தி,
குளிச்சு, பஸ்ஸு புடிச்சு வந்து உக்காந்தா,
இங்க பென்சீன் வளையம் வரையச் சொல்றாங்க.
வட்டமா எதைப் பாத்தாலும் எனக்குத் தலகாணிதான்."

வெள்ளை மையை எடுத்தேன். கையைப் பிடித்தாள்.
"அழிக்காத. மூக்கு மேட்டர் நல்லாருக்கு.
மணியை மட்டும் மாத்து.
அப்புறம், நான் குறட்டை விடமாட்டேன்."
"விடுவே," என்றாள் ஜெனிட்டா.
மொத்த வகுப்பும் சாட்சிக்குக் கை தூக்கியது.

மணியை மாற்றினேன். 'சொகுசாக' என்பதையும் எடுத்தேன்.
சரியான நேரம் வந்து உட்கார்ந்ததும்
அந்தப் பத்தி கொஞ்சம் இளைத்துவிட்டது.
இரண்டே முக்காலுக்கு ஒருத்தியும் சிரிக்கவில்லை.
மூக்குக்குச் சிரித்தார்கள்,
எல்லோருக்கும் முன்னால் அவள்.

நவம்பர் மழையில் அட்டை லேபிள் கரைந்துபோனது.
அடுத்த நாள் மேசைமேல் குவிந்த நோட்டுகளில்
ஒன்று தலைகீழாக இருந்தது.
மேம் திறந்தார். ஒரு பக்கம். இன்னொரு பக்கம்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.
"யாரோடது இது?"

மின்விசிறி சுற்றியது.
நான் எழுந்திருக்கத்தான் போனேன்,
முழங்கால்தான் யோசித்துக்கொண்டிருந்தது.
அதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து,
கண் திறந்தபடி, பேனா பிடித்தபடி,
"யெஸ் மேம்."

தூக்கத்தில் சொல்கிறாள் என்று வகுப்பே வெடித்தது.
மேம்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார்.

நான் மட்டும் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
குறட்டை இல்லை.