கண் வைக்கக் கூடாத கருவி

டான்டினோங்கில் இது ஹார்ட் ரபிஷ் வாரம்.
நடைபாதைப் புல்லில் மெத்தைகள், கால் முறிந்த கதிரைகள்,
மழையில் ஊறிய ஒரு டிரெட்மில்.
நான் தூக்கிவந்தது இரண்டு டிவிடி பிளேயர்.
அதில் ஒன்று நஜீபா வீட்டு வாசலில் இருந்தது.
"அது வேலை செய்யாது" என்றாள் வேலிக்கு மேலால்.
"முழுசாய் வேலை செய்யத் தேவையில்லை" என்றேன்.

மூடியைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் காற்று.
ஒரு மோட்டார், ஒரு பச்சை அட்டை,
தண்டவாளத்தில் ஓடும் சின்ன வண்டி.
வண்டியின் மேல் உளுந்தளவு ஒரு வில்லை
தலைமயிர் போன்ற கம்பிகளில் தொங்கிக்கொண்டு
ஊதினால் நடுங்கியது.

பாண் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை.
நித்திரை வராத பகல்களில் ஈயம் பற்றவைத்தேன்.
ஒரு வண்டி பார்க்கும்.
மற்றது, பார்க்கப்படுவதைச் சுமந்தபடி
மயிரிழையை இருநூறாய் வகுந்த அளவில் நகரும்.
நடுவில் பன்னிரண்டு டொலர் ஆர்டுயினோ,
இரண்டு பகுதிக்கும் தரகர்.
அதிர்வு ஏறாமலிருக்க, பாதியாய் அறுத்த டென்னிஸ் பந்துகள்.
அவற்றுக்குக் கீழே
இருபது கிலோ பாஸ்மதி.

நுணுக்குக்காட்டி என்று சொன்னால் சிரிப்பார்கள்.
குழல் இல்லை, குனிந்து பார்க்க ஓட்டை இல்லை.
லேசர். விழித்திரையைச் சுட்டுவிடும்.
கண் வைக்கக் கூடாது.
இந்தச் சொல்லைக் கடைசியாய்
ஒரு கல்யாண வீட்டில் கேட்டேன்,
பூசணிக்காய் உடைத்தபோது.

வெங்காயத் தோல் வைத்தேன். கறுப்பு.
கொசுச் சிறகு. கறுப்பு.
உப்புக்கல், கறுப்பு; ஓரத்தில் மட்டும் ஒரு மினுக்கம்.
ஒரு கிழமை முழுக்க வயரைச் சந்தேகித்தேன்.
பிறகுதான் விளங்கியது:
திரும்பி வரும் ஒளியை மட்டுமே அது எண்ணுகிறது.
பளபளக்காததெல்லாம்
அதன் கணக்கில் இல்லவே இல்லை.

வீட்டில் பளபளப்பது என்ன?
கரண்டி. குசினிக் குழாய். அலுமாரியின் கடைசித் தட்டில்
தங்க எழுத்து உறைக்குள், இரண்டாயிரத்து ஏழு,
மூன்று மணி நேரம் ஓடும்
யோகதாஸ் – சுதர்ஜினி.
சாமான்கள் பிரித்த அன்று
இதை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
கடைசியில் அலுமாரியோடு என்னிடம் வந்தது.

கத்தரிக்கோல் வைத்ததும் படாரென வெடித்தது.
வெந்நீரில் ஊறவைத்து
நகத்தளவு ஒரு துண்டு எடுத்தேன்.

வரி வரியாய், மேலிருந்து கீழே, பதினேழு நிமிடம்.
கோடுகள். சால் பிடித்ததுபோல் கோடுகள்.
எந்தச் சாலில் தாலி? எந்தச் சாலில்
சின்னமாமி செருப்பைத் தேடித் திரிந்தது,
வீடியோக்காரர் "கொஞ்சம் சிரியுங்கோ" என்றது?
கெட்டிமேளத்துக்கும் பந்திக்கும்
ஒரே ஆழம், ஒரே இடைவெளி.
இந்த வில்லைக்கு இது வாசிக்கத் தெரியும்தான்,
நொடிக்கு லட்சக்கணக்கில்.
நான் கைபிடித்து இவ்வளவு மெதுவாய் நடத்தியதில்
எழுத்துக்கூட்ட மறந்துபோனது.

நூற்றுநாற்பத்துமூன்றாம் வரியில் மட்டும்
கோடுகள் எல்லாம் ஒன்றாய் வலப்பக்கம் சாய்ந்து
தள்ளாடி, ஏழெட்டு வரி கழித்து நிமிர்ந்தன.
ஏதோ அகப்பட்டுவிட்டது என்று நெஞ்சு அடித்தது.
நேரத்தைக் கணக்குப் பார்த்தேன்.
மூன்று இருபது.
பக்கன்ஹாம் ரயில்.
டென்னிஸ் பந்தையும் அரிசி மூட்டையையும் தாண்டி வந்து
என் கல்யாணத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

அந்தப் படத்தை அழிக்கவில்லை.

ஒரு கடி குறைந்த வட்டை
மிளகாய்ச் செடிக்கு மேல் நூலில் கட்டியிருக்கிறேன்,
பறவை விரட்ட.
வெயிலை உடைத்து நஜீபாவின் வேலி வரைக்கும் நிறம் பூசுகிறது.
அதுவும் அதே கோடுகளின் வேலை.
காலையில் ஒரு லோரிகீட் வந்தது.
தலையைச் சரித்து, சுழலும் வட்டை
ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தது.
பிறகு பழுத்ததாய் ஒரு மிளகாயைக் கொத்திக்கொண்டு
பறந்தது.