நிறை

புதுவயலில் மேல்காற்று அடித்தால்
உமிச்சாம்பல் முதலில் வந்து உட்காருவது
எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து ஜன்னலில்.
அதைத் துடைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் திறப்பேன்.
கணக்கு ஏற்றுகிறவள் நான்.
ஊசி போடத் தெரியாது. நாடி பிடிக்கத் தெரியாது.

மாதக் கடைசியில் படிவம் வரும்.
குறைகள் என்று இருபத்திரண்டு கட்டம்,
நிறைகள் என்று ஒன்று.
முதல் இருபத்திரண்டும் மனப்பாடம்:
ஜெனரேட்டர் ஓடவில்லை,
பிரசவ அறையில் ஒழுக்கு,
சர்க்கரை மாத்திரைக்குப் பதிந்தவர் முந்நூற்றுப் பன்னிரண்டு,
வந்து வாங்கியவர் நூற்று நாற்பது.
கடைசிக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்து
அனுப்பிவிடுவேன்.

ஐப்பசியில் மென்பொருளை மாற்றினார்கள்.
புள்ளியைத் தின்ன மாட்டேன் என்றது அது.
ஐம்பது எழுத்தாவது வேண்டும் என்று
சிவப்பில் முறைத்தது.

வெளியே அடைமழை. நோயாளி ஒருவரும் இல்லை.
மருந்து கொடுக்கும் உமையாளிடம் கேட்டேன்:
"உனக்கு என்னடி நல்லா வரும்?"
"போடி அங்கிட்டு."
மாத்திரை அட்டையை நாலு தரம் அடுக்கிக் கலைத்தபின்
"சேவுகண்ணனை எழுது.
எந்த வீட்டில் அடுப்பு எரியலைன்னு
தெருக் கூட்டுற கையால சொல்லிருவாரு."

சேவுகன் ஈரத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.
"நான் என்னத்த... ஜுனைதா சிஸ்டரைப் போடுங்க.
மாசமான பிள்ளைக்கு லீவு குடுன்னு
மில்லு வாசல்ல நின்னு கத்துச்சே, அந்தத் தொண்டை
யாருக்கு இருக்கு?"

ஜுனைதா டிரைவர் அடைக்கலத்தைச் சொன்னாள்:
டாக்டரிடம் மறைப்பதையெல்லாம்
காரைக்குடி போய்ச் சேர்வதற்குள்
அவரிடம் கொட்டிவிடுகிறார்களாம்.
அடைக்கலம் உமையாளைச் சொன்னார்:
ஆறு மாதம் கழித்து வந்தாலும், சீட்டைப் பார்க்காமல்
"உங்களுக்குப் பாதி மாத்திரைதானே" என்பாளாம்.

வட்டம் மூடிவிட்டது. என் பேர் அதில் இல்லை.

சும்மா இருக்க முடியாமல்
வராத நூற்று எழுபத்திரண்டு பேரையும்
ஒவ்வொரு பேராக வாசித்தேன்.
பாதியிலேயே சேவுகன் கை காட்டினார்:
"இதெல்லாம் களத்துல நெல்லு காயப்போடுற சனம், லோடு ஏத்துற ஆளுக."
அடைக்கலம் தலையை ஆட்டினார்:
"பத்து மணிக்கு இங்க வந்தா அரைநாள் கூலி போயிரும்.
என்கிட்டச் சொல்லியிருக்காக."
ஜுனைதா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
"இத்தனை நாளா இந்தப் பேரெல்லாம் உன்கிட்டயா இருந்துச்சு?"
பாராட்டா, திட்டா,
இன்னும் எனக்கு விளங்கவில்லை.

பிறகு நடந்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை.
ஜுனைதா போய்ச் சத்தம் போட்டாள்.
புதனும் சனியும் இரவு எட்டு மணிக்கு
மில் எடைமேடை ஓரம் ஒரு மேஜை, ஒரு பல்பு.
அவித்த நெல்லின் ஆவி முகத்தில் அடிக்க
உமையாள் பேர் கேட்காமல் மாத்திரை எண்ணினாள்.
சேவுகன் கூட்டி வந்தார்.
அடைக்கலம் வண்டியில் சாய்ந்து பேச்சுக் கொடுத்தார்.
நான் கோடு போட்டேன்.

பெரியநாயகி மட்டும் வரவில்லை.
வந்தபோது கால் கறுத்திருந்தது.
இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.
அந்த வாரம் நாங்கள் ஒருவரோடொருவர்
அதிகம் பேசிக்கொள்ளவில்லை.
ஆனால் புதன்கிழமை மேஜையைத் தூக்க
ஐந்து பேரும் நின்றோம்.

ஒரு சனிக்கிழமை லாரிகள் ஓய்ந்த நேரம்
மருந்துப் பெட்டியோடு எங்கள் எல்லோரையும்
எடைமேடையில் ஏற்றிவிட்டு, தானும் ஏறினார் அடைக்கலம்.
எடை போடும் பையன் சிரித்துக்கொண்டே
சீட்டுக் கிழித்துக் கொடுத்தான்.
நிகர நிறை: முந்நூற்றுப் பத்து கிலோ.
சரக்கு என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தான்.

மாதக் கடைசி. வாங்கியவர் இருநூற்று முப்பத்தொன்று.
சாம்பல் துடைத்த ஜன்னலில் அந்தச் சீட்டைச் சாத்திவைத்து
கடைசிக் கட்டத்தில் எழுத ஆரம்பித்தேன்.
ஐம்பது எழுத்து தாண்டியது. ஐந்நூறும் தாண்டியது.
இடம் போதாது என்று
மறுபடியும் சிவந்தது கம்ப்யூட்டர்.