ஒரு நாளைக்குத்தானே

நவம்பர் கடைசியில் டாக்டர் அடெபாயோ சொன்னார்:
உங்கள் சீனி எல்லையில் நிற்கிறது.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எல்லையில் நிற்பது எனக்கென்ன புதுசா?
மொஸ்கோவுக்கு அப்பால் ஒரு பனிக்காட்டில்
லொறிக்குப் பின்னால் மூன்று இரவு நின்றவள்.
அதை அவருக்குச் சொல்லவில்லை.
கடந்துவிடாதீர்கள் என்றார்.
எல்லையைக் கடக்காதே என்று
ஒருவர் அன்பாகச் சொன்னது
இதுதான் முதல் தடவை.

டிசம்பர் இருபது. வேலையிடத்தில் விருந்து, ஆளுக்கொரு சட்டி.
இருபத்திரண்டு. நேசராணியின் மகனுக்குப் பிறந்தநாள்.
ஆட்டிறைச்சி ரோல்ஸ், மூன்றடுக்குக் கேக்.
"ஒரு நாளைக்குத்தானே, சாப்பிடுங்கோ."
இருபத்துநாலு. தேவாலயம் போகாத நாங்கள்
போய்வந்தவர்கள் வீட்டில் விடியும்வரை.
"ஒரு நாளைக்குத்தானே."
இருபத்தாறு. கடையெல்லாம் மலிவு.
கால் கடுக்க வரிசையில் நின்றுவிட்டு
ஹீற்றரைப் போட்டுக் காருக்குள்ளேயே புரியாணிப் பார்சல்.
அங்கே சொல்ல யாருமில்லை,
நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது
யார் வீடென்று இப்போது நினைவில்லை.
எல்லா வீட்டிலும் அதே ஏலக்காய்த் தேநீர்,
அதே கேள்வி: மகள் இன்னும் படிக்கிறாளோ?
சிரித்துச் சிரித்துத் தாடை நொந்தது.
சீனி மட்டுமா, கடனட்டையும் கூடியது.
நித்திரைதான் குறைந்தது.

முப்பத்தோராம் இரவு மண்டபத்தில்
பத்து, ஒன்பது, எட்டு என்று எல்லோரும் கத்தும்போது
குலவீரசிங்கம் கதிரையில் குறட்டை விட்டார்.
கல்கரிப் பாதையில் லொறி ஓட்டும் மனுசன்,
ஓட்டாத நாளில்தான் அதிகம் களைக்கிறார்.
வாசலில் யாரோ என் கோட்டுப் பைக்குள்
வெள்ளித்தாளில் சுற்றிய பட்டர் கேக்கைத் திணித்தார்கள்.
வேண்டாம் என்ற சொல்லை
நான் வருஷக் கடைசியில் செலவழித்து முடித்திருந்தேன்.

முதலாம் திகதி காலை ஏழு.
எட்மன்டன், சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
நடைபாதை கண்ணாடி.
கடை திறக்குமுன் நான் சுற்றிச் சுற்றி நடக்கும் மோல்
இன்றைக்குப் பூட்டு.
அங்கே தினமும் என்னை முந்திப்போகும்
அந்த உக்ரைன் கிழவனும்
எங்கேயோ யன்னலோரம் தவித்துக்கொண்டிருப்பான்.

கோட்டைப் போட்டுக்கொண்டு
நெருப்புக்கு மட்டும் திறக்கும் கதவைத் தள்ளினேன்.
ஒன்பதாம் மாடியிலிருந்து படி.
ஏழாவதில் பொரித்த எண்ணெய் மணம்.
ஐந்தாவதில் நனைந்த சப்பாத்தும் மினுங்கல் தாளும்.
மூன்றாவதில் ஒரு பெண்,
பளபளக்கும் சட்டை, கையில் குதியுயர்ந்த செருப்பு,
சுவரில் தலை சாய்த்து.
லிஃப்டுக்குள் தலை சுற்றுகிறது என்றாள்.
நாலு வருஷமாக இங்கேதானாம்.
நான் ஆறு வருஷம். ஒருநாளும் கண்டதில்லை.

பைக்குள் கை விட்டபோது வெள்ளித்தாள் சரசரத்தது.
நசுங்கிப் போயிருந்தது. பிய்த்தேன், பாதி அவளுக்கு.
மிச்சத்தை நாக்கில் வைத்துக் காத்திருந்தேன்.
முதலில் உப்பு, பிறகு பட்டர்,
வெகுநேரம் கழித்துச் சாதிக்காய்.
பன்னிரண்டு நாள் தின்றதில்
எனக்கு ருசித்தது இந்த இரண்டு விரல் அகலம்தான்.
தண்ணீர் குடித்துவிட்டுப் படு பிள்ளை என்றேன்,
தமிழில். தலையாட்டினாள்.

கீழே வரை போய்த் திரும்பினேன்.
ஏறுவது வேறு கதை.
நாலாம் மாடியில் நெஞ்சு படபடத்தது.
கம்பியைப் பிடித்து நின்றேன், அவசரமில்லை,
புதுவருஷம் எங்கேயும் ஓடிவிடாது.
ஆறாவதில் இடது முழங்கால் முறைப்பாடு வைத்தது.
குனிந்து அதற்குச் சொன்னேன்:
ஒரு நாளைக்குத்தானே.

இரண்டாம் திகதியும் அதையேதான் சொன்னேன்.
மூன்றாம் திகதியும்.
பாவம்,
என்னைப் போலவே
அதுவும் நம்புகிறது.