கை நீளம்

கோட்டைவாசலை ஒட்டிய தேக்கங்காட்டில்
சருகுக்குள் கிடந்தது.
மழைத்தண்ணீர் மேற்கே இறங்கும் இடமென்றால்
தென்மலை ஸ்டேஷன்.
கிழக்கே இறங்கினால் புளியரை, நாங்கள்.
அன்றைக்குச் சாரல்.
இரண்டு பக்கத்துப் போலீசும் குடைக்குள் நின்று
தண்ணீர் போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
கிழக்கே வந்தது.

‘அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் முப்பது.’
இந்த வருஷம் நான் எழுதுகிற
நாலாவது சுமார்.

ஹைகிரவுண்டில் டாக்டர் ஜெசிந்தா
எலும்புகளைக் கழுவி ஆள்போலப் படுக்கவைத்தார்.
வலது காலில் பெருவிரல் இல்லை,
நரி கொண்டுபோயிருக்கும்.
காய்ச்சலா, பாம்பா,
ராத்திரியில் இறங்கி நடந்து வழி தப்பினதா?
‘எலும்பு அதெல்லாம் சொல்லாது ஏட்டம்மா.’

சட்டை பாலியஸ்டர். மக்கவில்லை.
நீலக் கட்டம். காலருக்குள் ஒரு துணிச்சீட்டு,
தேன்குழல் பிழிந்தமாதிரி எழுத்து.

பிரானூர் பார்டரில்
(பேர் மட்டும்தான் பார்டர்,
நான் பிறக்கும் முன்னமே எல்லை எழுந்து
மலைக்குப் போய்விட்டது)
பரோட்டாக் கடையில் மாவு பிசைகிற பையன்
கையைத் துடைத்துவிட்டு வாங்கினான்.
வாங்கினதும் திருப்பிப் பிடித்தான்.
இத்தனை நாளும் கோப்பில்
தலைகீழாய் ஒட்டியிருந்திருக்கிறேன்.

காண்டாபாஞ்சி. ஒரு தையல்கடை.
நம்பரில் கடைசி இரண்டு எண் கரைந்திருந்தது.
அந்த ஊர் ஸ்டேஷனுக்கு எழுதினேன், பதில் இல்லை.
பூஜ்யம் பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாய்ப் போட்டோம்,
கடை அடைத்தபிறகு, நானும் அந்தப் பையனும்.
திட்டினார்கள், சிலர் பாஷை தெரியாமல் சிரித்தார்கள்.
அறுபத்தொன்றில்
தையல்மிஷின் சத்தம் கேட்டது.

‘நீலக் கட்டமா? ஒரே துணியில மூணு சட்டை தச்சேன்.
அண்ணன் தம்பி மூணு பேரு,
மூணு பேரும் கேரளத்துக்குப் போனானுவ.
துணிய வச்சுச் சொல்ல முடியாது.
கை நீளம் சொல்லுங்க.’

பெட்டிச்சாவி வாங்கி, சட்டையை விரித்து,
ரவிக்கை தைக்கிற வேலம்மாளிடம் கடன்வாங்கிய டேப்பால் அளந்தேன்.
இருபத்தி மூணரை.
அங்கே நோட்டுப் புரள்கிற சத்தம்.
அப்புறம் ஒரு பேர்.
மிஷின் அதற்குமேல் ஓடவில்லை.

மூவரில் ஒருவனுடைய ஃபோன்தான் அடித்தது.
சுபல். பெரும்பாவூர், பிளைவுட் கம்பெனி.
வியாழக்கிழமை செங்கோட்டை ஸ்டேஷனில்
நூறு பேர் இறங்கினார்கள்.
அவன் முகம் எனக்குத் தெரியாது.
தெரியவேண்டியிருக்கவில்லை.
நீலக் கட்டம் நடந்து வந்தது,
பித்தானெல்லாம் இருந்தபடி,
உள்ளே மூச்சோடு.
அடையாளம் காட்ட வந்தவனை
நான் அடையாளம் கண்டேன்.

டீ வாங்கிக்கொடுத்தேன். குடித்தான்.
பாவூர்சத்திரத்தில் ஜீப் ரயில்வே கேட்டுக்கு நின்றபோது
மலையாளத்தில் கேட்டான்,
எங்கள் இரண்டு பேருக்கும் அரைகுறையாய்ப் பொதுவானது அதுதான்:
‘மூத்தவனோ, இளயவனோ?’

பேர் என் நோட்டில் இருந்தது.
ஒன்றைச் சொன்னால் மற்றது மிஞ்சும்,
எங்காவது உயிரோடு,
அல்லது வேறொரு மழை இறங்கும் வழியில்.
அவனும் அதைக் கணக்குப் போட்டிருக்கவேண்டும்.
கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
ஆலங்குளம் தாண்டி
காற்றாலைகள் முடிகிற இடத்தில் சொன்னேன்.

அவன் அழுததை எழுதப்போவதில்லை.

மாலையில் படிவம்.
‘அடையாளம் தெரியாத’ என்பதை அடித்தேன்.
ஜகபந்து என்று எழுதி
படித்துக் காட்டினேன்.
இல்லை என்று தலையாட்டினான்.
ஜொகொபந்து.
இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். சொன்னான்.
அடித்துவிட்டு, மேலே திருத்தினேன்.
திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும், விதி.
இடம் போதவில்லை.
பேரின் கடைசி எழுத்து
கட்டத்துக்கு வெளியே நின்றது.