நான்கு மணி ரீடிங்

மணிக்கொரு தரம் முள்ளைப் பார்த்து
எழுதி வைப்பதுதான் என் வேலை.
அரவக்குறிச்சிக்குத் தெற்கே, முருங்கைக் காட்டுக்கு நடுவில்
துணைமின் நிலையம்.
இரவில் நானும்
ஓயாமல் முனகும் டிரான்ஸ்பார்மரும்.

மூன்று மணிக்கு டவுன் ஃபீடர் நாற்பத்திரண்டு ஆம்பியர்.
நான்கு மணிக்கு எண்பத்தொன்று.
மீட்டரைத் தட்டிப் பார்த்தேன்.
மாற்றலாகி வந்து ஒன்பது நாள்.
யாரோ கொக்கி போடுகிறார்களென்று
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி.

காலையில் வந்த லைன்மேன் ஜெய்லானி
அதைப் பார்த்துச் சிரித்தான்.
'திருட்டெல்லாம் இல்லீங்ணா, சஹரு.
நேத்துப் பிறை கண்டாச்சு.
ஊரே எந்திரிச்சுச் சோறாக்குது. நோன்புங்.'

எங்கள் பக்கம் நோம்பி என்றால்
கறி எடுக்கோணும், கச்சாயம் சுடோணும்,
மச்சான் ஊட்டுக்கு ஆள் விடோணும்.
தீவாளி நோம்பி, மாரியாத்தா நோம்பி,
எல்லாம் வயிறு நிறைகிற சொல்.
'அப்ப மத்தியானம் விருந்துதான்' என்றேன்.
'பச்சத் தண்ணியே கெடையாதுங்' என்றான்.

ஒரே சொல்லை எந்தக் காலத்திலோ பாகம் பிரித்து
கறியை நாங்கள் வைத்துக்கொண்டு
பசியை அவர்களுக்கு எழுதிவிட்டோமா?

அதற்கப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.
எச்சில் விழுங்கலாமா? விழுங்கலாம்.
மறந்துபோய் டீ குடித்துவிட்டால்?
'மறந்தது மறந்ததுதானுங்.
நெனப்பு வந்ததும் நிறுத்திப்போடோணும்.'
வெயிலில் கம்பம் ஏறுகிறவனுக்கு
விலக்கு ஏதும் உண்டா?
அதற்கு மட்டும் பதில் சொல்லாமல்
கையுறையைத் தேடினான்.

பத்தொன்பதாம் நோன்பு, சாயங்காலம் காற்று.
ஆறு இருபத்தொன்றுக்கு ஃபீடர் டிரிப்.
முருங்கைக் கிளை முறிந்து கம்பியில் கிடக்கிறது.
லைன் கிளியர் கொடுத்தேன்.
எர்த் ராடு மாட்டிவிட்டுக் கம்பத்தின் மேலே அவன்.
பள்ளிவாசல் சத்தம் எட்டாத காடு.
மேகத்துக்குப் பின்னால் பொழுது
இறங்கியதா இல்லையா, தெரியாது.
போனில் கேட்டான்:
'மணி பார்த்துச் சொல்றீங்களாண்ணா.'

சுவரில், பிரேக்கர் அட்டவணைக்குப் பக்கத்தில்
அவன் ஒட்டிவைத்த நோன்பு அட்டை.
ஆறு முப்பத்தைந்து.
இருபது வருஷமாய் நேரம் எழுதும் கை இது.
வினாடி முள்ளோடு முழுச் சுற்றுப் போனது
அன்றைக்குத்தான்.
முப்பத்துமூன்று.
முப்பத்துநான்கு, அது எவ்வளவு நீளம்.
'ஜெய்லானி, ஆச்சு.'

கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
பிறகு தணிந்த குரலில் பிஸ்மில்லா,
பேரீச்சங்கொட்டை பல்லில் படும் சத்தம்.
நான் சொன்னது பாங்கு இல்லை, வெறும் மணி.
இருந்தாலும் கைபேசியை
உடனே கீழே வைக்க முடியவில்லை.

ஏழரைக்குத் தூக்குப்போசியில் கஞ்சி வந்தது.
வெந்தயம், பூண்டு, மேலே கிள்ளிப் போட்ட புதினா.
ஸ்கூட்டியை நிறுத்தாமலே கேட்டாள் அவன் தங்கை பல்கீஸ்:
'எங்கண்ணனுக்கு மணி சொன்னது நீங்கதானுங்களா?'
போசியை வாங்கிக்கொண்டேன்.
நல்ல சூடு.

கடைசி வாரம், பழைய ரீடிங் தாளின் முதுகில்
தலைக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.
கைக்குழந்தையோடு ஏழு பேர், ஏழு ஃபித்ரா.
'பெருநாள் தொழுகைக்கு முன்னாடி
இல்லாதவங்க கைக்குப் போயிரோணுங்.
அவங்க ஊட்டுலயும் அன்னிக்கு அடுப்பு எரியோணுமல்லங்.'
எண்பத்தொன்று என்று நான் எழுதும்போது
எரியாத அடுப்பு எத்தனை என்று
முள் ஒருநாளும் காட்டியதில்லை.

குறிப்பேட்டில் பிறைக்குக் கட்டம் கிடையாது.
ஆனால் அந்த இரவு லோடு இறங்கவே இல்லை.
தையல் கடைகள், வளையல் கடைகள்,
மருதாணி காய விசிறி போட்ட வீடுகள்.
ஐந்து மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு,
அத்தனை மோட்டாரும் அத்தனை இஸ்திரிப் பெட்டியும்.
எட்டுக்கு முப்பத்தொன்று.
விளக்கணைத்துவிட்டு ஊர் மொத்தமும்
ஈத்கா திடலில் தோளோடு தோள் நிற்கிறது.

கரூரிலிருந்து போன்.
'என்னய்யா லோடு விழுந்துபோச்சு? ஃபால்ட்டா?'

'இல்லீங் சார்' என்றேன்.
'நோம்பி.'