பதினோரு மில்லிமீட்டர்

பள்ளத்தூர் வீட்டுக்கு ஏழு பங்காளிகள்.
வண்டியும் ஏழு பங்கு.
ஒரு கையெழுத்துக்காக ஈப்போ போன தபால்
ஒன்பது வாரம் கழித்துத் திரும்பியது.
அதற்குள் கறையான்
தன் பங்கைக் கேட்காமலே எடுத்துக்கொண்டிருந்தது:
கதவுக்குள்ளிருந்த மரச்சட்டம், இருக்கையின் அடிப்பலகை.
விரல் வைத்தால் ரவையாய் உதிர்ந்தது.

ஐம்பத்திரண்டாம் வருடத்து எம்.ஜி.
இரண்டு பேர் உட்காரலாம்.
மூன்றாமவருக்கு இடமில்லை என்பதுதான் அதன் அழகு.

லாரியில் காரைக்குடிக்குக் கொண்டுவந்து
உடம்பைத் தனியே தூக்கி வைத்தோம்.
எஞ்சின் ஒரு மூலையில், பெட்ரோல் டாங்கி ஒரு மூலையில்.
மிஞ்சியது ஏணி மாதிரி ஓர் இரும்பு.
பினாங்கிலிருந்து சாத்தப்பன் வீடியோவில் பார்த்துவிட்டு
"இவ்வளவுதானா?" என்றார்.
இவ்வளவுதான் சார்,
மற்றதெல்லாம் இதன்மேல் போட்ட சட்டை.

(நாலாவது பங்காளி நேரிலேயே வந்தார்.
மரத்துக்கு பர்மாத் தேக்கு போடுங்கள்,
வீட்டில் உத்தரம் சும்மா கிடக்கிறது என்றார்.
தேக்கு விறைத்து நிற்கும் அண்ணே,
இது ஓடும்போது கொஞ்சம் முறுகிக்கொடுக்க வேண்டும் என்றேன்.
உத்தரத்தைவிட ஒசத்தியா என்று கேட்டுவிட்டுப் போனார்.)

தூக்குக்குண்டு கட்டி
எட்டுப் புள்ளிகளைத் தரையில் இறக்கினோம்.
சாக்பீஸால் குறித்து
மூலைக்கு மூலை டேப் பிடித்தான் இருதயராஜ்.
ஒரு குறுக்கு நீளம், ஒரு குறுக்கு குட்டை.
வித்தியாசம் பதினொன்று.
முதல் தடவை டேப்பைக் குறை சொன்னோம்,
இரண்டாம் தடவை தரையை,
மூன்றாம் தடவை தின்ற மதியச் சாப்பாட்டை.
நாலாம் தடவையும் பதினொன்று.

மணல் பீய்ச்சியதும் தெரிந்தது.
இடது முன்பக்கம் மட்டும் இரண்டு கை கறுப்பு.
இரண்டு கறுப்புக்கும் நடுவே ஓர் ஒட்டுத்தகடு,
ஒன்பது சுத்தியல் தழும்பு,
அங்கங்கே துப்பிய வெல்டிங் பொட்டு.
"பகல்ல செஞ்ச வேலை இல்ல இது."
எப்படிடா தெரியும்?
"கரண்ட் போன அன்னிக்கு என் வேலையப் பாத்ததில்லையா?"

ராத்திரி சாத்தப்பனுக்குச் சொன்னேன்.
எங்கேயோ பலமாக மோதியிருக்கிறது சார்.
"சான்ஸே இல்லை. ஒரு கீறல் விழாமல்
ஓட்டியவர் அப்பா. எல்லாரும் சொல்வார்கள்."
நான் பேசவில்லை.
"எந்தப் பக்கம்?"
இடது. பக்கத்து சீட்.

அவர் அறையில் ஃபேன் சுற்றுவது கேட்டது.

"அம்மாவுக்கு இடது கால் மடங்காது," என்றார் பிறகு.
"ஊருணிப் படியில் பாசி, வழுக்கிவிட்டது என்பார்கள்.
சின்ன வயதில் அந்தப் படியைக்
கல்லால் அடித்திருக்கிறேன் நான்."
இன்னும் கொஞ்ச நேரம் ஃபேன்.
"நிமிருமா?"
இரும்புதானே சார், நிமிரும் என்றேன்.
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

தகட்டை வெட்டி எடுத்தோம்.
தரையில் கொக்கி, கொக்கியில் சங்கிலி,
ஜாக் மெல்ல மெல்ல ஏறியது.
பதினொன்று, எட்டு, ஐந்து.
விட்டால் ஏழுக்கே ஓடியது.
பழகின இடம்.
பூஜ்யத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இரண்டு
இழுத்துப் பிடித்து விட்டால்தான்
பூஜ்யத்தில் வந்து நிற்கும்.
அதற்கு இரண்டு நாள் ஆனது.
மூன்றாம் நாள் காலை
இரண்டு குறுக்கும் ஒரே எண்.
யாரும் கைதட்டவில்லை. டீ சொன்னோம்.

ஒட்டுத்தகட்டை என்ன செய்தீர்கள் என்று
ஒரே ஒரு செய்தி அனுப்பியிருந்தார்.
காயலான் கடை மூட்டையில் போட்டதைத் தேடி எடுத்து
பழைய பனியனில் சுற்றினேன்.
எடை எழுநூற்று நாற்பது கிராம்.
கூரியர் படிவத்தில்
பொருளின் பெயர் என்றொரு கட்டம்,
அதன் மதிப்பு என்று இன்னொன்று.
பேனாவை வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.
பின்னால் வரிசை நீண்டது.
இருதயராஜ் வாங்கி எழுதினான்:
பழைய இரும்பு.
அடுத்த கட்டத்தில் ஒரு கோடு.