இருபத்தெட்டு மில்லிமீற்றர் கப்பித்தான்

கொட்டடியில் பல் கட்டும் கூடம்.
ஆறு மணிக்கு டொக்டர் போன பிறகு
கடைவாய்ப் பற்களை ஒதுக்கிவிட்டு
அவனை எடுத்து வைப்பேன்:
மருந்துப் போத்தல் மூடியில் ஒட்டிய
ஈயக் கப்பித்தான்.
என் சுண்டுவிரலில் பாதி.
இடுப்பில் கைத்துவக்கு,
உயர்த்திய வாளில் வார்ப்புப் பிசிறு.

சுங்கத்தில் பொதியைப் பிரித்தவர் கேட்டார்,
"இதென்ன, ஆமியோ?"
"பறங்கி. நானூறு வருசத்துக்கு முந்தினவன்."
கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப சரி" என்று முத்திரை குத்தினார்.

அம்மாவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.
"வீட்டுக்குள்ள கொண்டு வராத."
அவ்வளவுதான் சொன்னா.
எந்த வருசத்துத் துவக்கும்
அவவுக்கு ஒரே துவக்கு.
அதனால்தான் இந்த மேசை, இந்த லைற்,
சாந்துத் தூள் படிந்த இந்தக் கதிரை.

முதலில் கறுப்பு. முழுக்கக் கறுப்பு.
பிறகு மடிப்புகளின் முதுகில் மட்டும்
வெளிச்சம் ஏற்ற வேண்டும்.
'சதை' என்று பேர் போட்ட குப்பி ஒன்று இருக்கிறது.
எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும்
அந்தச் சதை இல்லை.
இவனுக்குப் பொருந்தியது,
சித்திரை வெயிலை நான் நினைக்கும்வரை.
மூக்கு நுனியில், காது மடலில்
முரசுக்கு வைத்திருக்கும் இளஞ்சிவப்பைத் தொட்டேன்.
எரிந்துபோய் இருந்தான், பாவம்.
பாவம் என்றா சொன்னேன்?

சப்பாத்துக்கு மண்ணிறம் குழைக்கையில்தான்
சப்பாத்து அவன் பேச்சு என்று உறைத்தது.
மேசையும். நான் இருக்கும் கதிரையும்.
அலுமாரியும் அதன் சாவியும்
மத்தியானம் தின்ற பாணும்.
தூரிகை மட்டும் எங்களுடையது.
அதைப் பிறஷ் என்கிறோம்.

கண் கடைசி.
முழங்கையை ஊன்றி, மூச்சை நிறுத்தி,
மூன்று மயிர் மிஞ்சிய பிறஷால்
முதலில் வெண்மை:
நிற அட்டையில் இரண்டாவது,
வெற்றிலை போடாதவரின் பல்.
அதன்மேல் ஒரு புள்ளி.
கரண்ட் நின்றது.
வந்தபோது இடது கண் கோட்டைப் பக்கம்,
வலது கண் பண்ணைக் கடலில்.
மூன்று தரம் அழித்தேன்.
நாலாம் தரமும் அப்படியே பார்த்தான்,
விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை, குருநகர்,
கிளமென்ற் வீட்டு மேல்மாடி.
மதில் முழுவதும் நான் வார்த்த பற்சாந்து.
முருகைக்கல்லின் துளைகளை
ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தியிருந்தேன்.
பனைகள் தும்புத்தடியில் இருந்து வந்தவை.
"ஞாயிறு பூசைக்குப் போறவன் நான்,
பறங்கியை நீ எடு" என்பான் எப்போதும்.
எந்தப் புத்தகத்திலும் இல்லாத சண்டை.
இரண்டாம் சுற்றிலேயே
அவன் பகடை ஆறு காட்டியது.
பதினொரு இரவு பூசிய கப்பித்தான்
பனைக்குக் கீழே சரிந்தான்.

விதி இது: தலைவன் விழுந்தால்
மிச்சப் பேர் நிற்பதா ஓடுவதா என்று
நான் உருட்ட வேண்டும்.

பகடை கைக்குள் சூடேறியது.
கீழே மீன் லொறி ஒன்று
பாட்டுப் போட்டபடி பின்னுக்கு வந்தது.
தொண்ணூற்றைந்தில் எனக்கு ஆறு வயது.
நாவற்குழிப் பாலத்தை
ஒற்றைச் சப்பாத்தோடு கடந்தேன்.
அன்றைக்கு யார் எதை உருட்டினார்கள் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

"உருட்டன்" என்றான் கிளமென்ற்.

நாலு.
நின்றார்கள்.
பாதிப்பேர் இன்னும் கறுப்பு,
முகம் பூசாதவர்கள்.

அதன்பிறகும் நான் தோற்றேன், அது வேறு.
பற்செட் அனுப்பும் பெட்டியில்
பஞ்சு சுற்றி அவனைக் கிடத்தினேன்.
வாள் நுனியில் பூச்சுப் பெயர்ந்து
ஈயம் தெரிகிறது.
திங்கள், டொக்டர் வர முன்னம்
ஒருக்கால் தொட வேண்டும்.